சேனநாயக்க சமுத்திரத்துக்கு முதுகுப் பையோடு: இரண்டு பேருக்கான முழுமையான வழிகாட்டி

சம்மாந்துறை வட்டையில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அந்த வட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கல்லோயா என்று சொல்லும். ஆனால் அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தை நேரில் பார்த்தவர்கள் ஊரில் கொஞ்சப் பேர்தான். நானும் முப்பது வயதுவரை போகவில்லை. முதல் தடவை ஒரு கூட்டாளியோடு, ஆளுக்கொரு முதுகுப் பையோடு, மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறினேன். அதன் பிறகு மூன்று தடவை அதே கூட்டாளியோடு போய்விட்டேன். இரண்டு இரவு, மூன்று பகல் போய்வர என்னென்ன செய்ய வேண்டும் என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிங்களத்தில் கல்ஓயா, எங்கள் பெரியவர்களின் வாயில் பட்டிப்பளை ஆறு. அந்த ஆற்றை இங்கினியாகலையில் மலைகளுக்கு நடுவே மறித்துக் கட்டியதுதான் சேனநாயக்க சமுத்திரம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அணையைக் கட்டியது அமெரிக்காவின் மொரிசன் நுட்சன் கம்பனி. முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் பெயரை வைத்தார்கள். இலங்கையில் இதைவிடப் பெரிய குளம் கிடையாது.

தண்ணீர் ஏறியபோது காட்டுக்குள் இருந்த குன்றுகளின் உச்சிகள் மட்டும் மூழ்காமல் நின்றன. நீங்கள் படகில் பார்க்கப்போகும் தீவுகள் அவைதான். அன்று மூழ்கிய மரங்கள் பட்டுப்போய், வெள்ளை எலும்பு போல இன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றன. வேடர்கள் வேட்டையாடிய காடும் தேன் எடுத்த காடும் அந்தத் தண்ணீருக்குக் கீழேதான் இருக்கின்றன. சுற்றியுள்ள காட்டை வெட்டினால் மண் கரைந்து வந்து குளத்தைத் தூர்த்துவிடும் என்பதால், நீரேந்து பகுதியைக் காக்க 1954இல் கல்ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 25,900 ஹெக்டேயர். நில்கல, தானிகல, உல்பொத்த என்று மலைகள் அதற்குள் நிற்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1956 ஜூனில் இந்தப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தப் பக்கம் போவதென்றால் இன்றும் முகம் சுருங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் வெளிக்கிடும்போது வீட்டில் யாராவது மறித்தால் வாக்குவாதப்பட வேண்டாம். யாரோடு போகிறீர்கள், எந்த இரவு எங்கே தங்குவீர்கள், எத்தனை மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்படி எழுதிக் கொடுப்பது பயணப் பாதுகாப்புக்கும் முதல் படி.

எந்த மாதம்

எங்கள் பக்கம் மழை வாடையோடு வரும். கார்த்திகை, மார்கழியில் கொட்டி, தை மாதமளவில் குளம் நிரம்பும். மார்ச் தொடக்கம் ஜூலை வரையான காலம்தான் படகுக்கு நல்லது. தண்ணீர் போதியளவு இருக்கும், யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் பார்க்கும் வாய்ப்பும் அதிகம். ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டுக் குளம் இறங்கியிருக்கும். அப்போது வெளியே வந்த தரையில் புல் முளைத்து யானைகள் கரையோரம் மேயும். அதுவும் ஒரு அழகுதான். ஆனால் படகு ஏறவே நீண்ட தூரம் சேற்றில் நடக்க வேண்டிவரும்.

மே மாதக் கடைசியிலிருந்து கச்சான் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். விடியற்காலையில் அசையாமல் கிடக்கும் குளம், வெயில் ஏறியதும் அலை அடிக்கத் தொடங்கும். ஏப்ரலில் பின்னேரங்களில் இடி மின்னல். ஆகவே எந்த மாதம் போனாலும் தண்ணீர் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். போயா விடுமுறையோடு சேர்ந்த நீண்ட வார இறுதியை விட்டுவிடுங்கள், கூட்டமும் சத்தமும் தாங்காது.

யாரோடு போவது

நான்கைந்து பேர் சேர்ந்தால் செலவு குறையும் என்பார்கள். என் கருத்து வேறு. இந்த இடத்துக்கு இரண்டு பேர்தான் சரி. இரண்டு பேர் என்றால் பேசாமல் இருக்கலாம். ஐந்து பேர் என்றால் யாராவது ஒருவர் பாட்டுப் போடுவார்.

வெளிக்கிட முன் மூன்று விஷயங்களைப் பேசி முடியுங்கள். முதலாவது காசு. ஒரு பொதுப் பை வைத்து இருவரும் ஒரே தொகையைப் போட்டு, எல்லாச் செலவையும் அதிலிருந்தே எடுங்கள். இரண்டாவது நடை. மெதுவாக நடப்பவர் முன்னுக்கு, வேகமாக நடப்பவர் பின்னுக்கு. மூன்றாவதுதான் முக்கியம்: "திரும்புவோம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் காரணம் கேட்கக்கூடாது. காய்ச்சல் வரலாம், பயம் வரலாம், வீட்டு நினைவு வரலாம். என் கூட்டாளி இரண்டாவது பயணத்தில் ஒரு பின்னேரம், "மச்சான், எனக்கு இண்டைக்குக் காட்டுக்குள்ள படுக்க மனமில்லை" என்றான். கூடாரத்தை விரிக்காமலே ஊருக்குள் வந்து அறை எடுத்தோம். அந்த இரவு பெய்த மழையைப் பார்த்தபோது அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

அனுமதி

குளம் பூங்காவுக்குள் இருக்கிறது. நினைத்த இடத்தில் நடக்கவும் முடியாது, கரையில் கூடாரம் அடிக்கவும் முடியாது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் ஒதுக்கிய முகாம் இடங்களில் மட்டுமே இரவு தங்கலாம். அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், முகாமுக்குப் போக ஜீப்பும் வேண்டும். படகுக்கான அனுமதிச் சீட்டை இங்கினியாகலையிலுள்ள திணைக்கள அலுவலகத்தில் எடுக்கலாம். அடையாள அட்டையின் பிரதியை நம்பாமல் அட்டையையே கொண்டுபோங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் இரவு இங்கினியாகலையில் ஒரு அறை, இரண்டாம் இரவு முகாம். இடம் பழகிய பிறகு காட்டுக்குள் படுப்பது வேறு, பஸ்ஸால் இறங்கிய களைப்போடு போய்ப் படுப்பது வேறு.

அம்பாறை நகரம் வந்ததும் பேச்சு சிங்களமாகிவிடும். நன்றாகப் பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "ஹெமின் யமு" என்றால் மெதுவாகப் போவோம். "அலியா" யானை, "வத்துர" தண்ணீர், "கீயத" எவ்வளவு. இந்த நாலும் "ஸ்துதி" என்ற நன்றியும் தெரிந்தால் தேத்தண்ணிக் கடைக்காரர் முகம் மலர்ந்துவிடும்.

பையைக் கட்டுதல்

இரண்டு இரவுக்கு ஒருவரின் பை எட்டுக் கிலோவைத் தாண்டக்கூடாது, தண்ணீர் தனி. வீட்டில் தராசில் நிறுத்துப் பாருங்கள். பத்துக்கு மேல் காட்டினால் எல்லாவற்றையும் கொட்டி மறுபடி தொடங்குங்கள்.

அடியில் படுக்கைத் துணியும் மாற்றுடுப்பும். அதற்கு மேல், முதுகோடு ஒட்டி, பாரமான சாமான்கள்: அரிசி, டின் மீன், காஸ் அடுப்பு. பாரம் முதுகை விட்டு விலகி வெளிப்பக்கம் போனால் தோள் பின்னுக்கு இழுபடும், ஒரு மணித்தியாலத்தில் கழுத்து நோகும். மேலே மழைச்சட்டை, ரோச், மருந்து. எல்லாவற்றையும் முதலில் ஒரு பெரிய கறுப்புப் பொலித்தீன் பைக்குள் வைத்து அதைத்தான் முதுகுப் பைக்குள் இறக்க வேண்டும். படகில் தெறிக்கும் தண்ணீருக்கும் திடீர் மழைக்கும் இதைவிட மலிவான காவல் கிடையாது.

பொதுச் சாமான்களைப் பங்கு போடும்போது ஒரு ஒழுங்கு இருக்கிறது. கூடாரத்தின் துணி ஒருவரிடம், கம்புகளும் முளைகளும் மற்றவரிடம். அடுப்பு ஒருவரிடம், சாப்பாடு மற்றவரிடம். ஆனால் தண்ணீர், ரோச், நெருப்புப்பெட்டி, ஜீவனி (உடம்பில் நீர் குறைந்தால் கரைத்துக் குடிக்கும் தூள்), கொஞ்சக் காசு, இவை இருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு பை தண்ணீருக்குள் விழுந்தாலும் மற்றப் பையோடு இரண்டு பேரும் வீடு வந்து சேர வேண்டும், அதுதான் கணக்கு.

உடுப்பில் முக்கியம் நீளக் காற்சட்டையும் நீளக் கைச் சட்டையும், வெளிர் நிறத்தில். ஏன் வெளிர் நிறம் என்பதை உண்ணியைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். இரவுக்குச் சாரம். சாரத்தை எடுத்தால் துவாயும் வேண்டாம், போர்வையும் வேண்டாம், தலையணை உறையும் வேண்டாம். சப்பாத்து பழையதாக இருக்கட்டும். என் கூட்டாளி முதல் பயணத்துக்கென்றே புதுச் சப்பாத்து வாங்கினான். முதல் நாள் பின்னேரமே குதிக்காலில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் கொப்புளம். மூன்றாம் நாள் முழுவதும் செருப்போடுதான் நடந்தான்.

சாப்பாடும் தண்ணீரும்

முதல் நாள் மத்தியானத்துக்குக் கட்டுச்சோறு. வாழையிலையை நெருப்பில் வாட்டி, சோறு, கருவாட்டுப் பொரியல், பருப்பு, மாசிச் சம்பல். தேங்காய்ப்பால் விட்ட கறி வேண்டாம், அந்த வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். இரண்டாம் இரவுக்கு அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு அவித்து, டின் மீனை வெங்காயத்தோடு பிரட்டினால் போதும். காலைக்கு ரொட்டியும் சீனிச் சம்பலும், வீட்டில் செய்து கொண்டுபோனால் இரண்டு நாள் கெடாது. நடுவில் கடிக்கக் கச்சான், கஜு, மாரி பிஸ்கட்.

காட்டில் விறகு பொறுக்கி நெருப்பு மூட்ட வேண்டாம். கச்சான் காற்றுக் காலத்தில் அந்தப் புல் பஞ்சு மாதிரிப் பற்றும். காஸ் அடுப்பில் சமையுங்கள், சமைத்து முடிந்ததும் சாப்பாட்டுச் சாமான் எதையும் கூடாரத்துக்குள் வைக்காமல் ஜீப்புக்குள் வைத்துப் பூட்டுங்கள். அரிசியின் மணம் யானைக்கு வெகு தூரத்திலேயே பிடிபடும். உப்பைத் தேடியும் யானை வரும்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு மூன்று லீற்றர் தண்ணீர். இங்கினியாகலைக் கடைகளில் வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். குளத்துத் தண்ணீரை எடுக்க நேர்ந்தால் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகுதான் குடிக்க வேண்டும். ஜீவனி ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பைக்கற்றைப் போத்தலில் கொட்டிக் குடிப்பது சரியான அளவல்ல.

வழி

மட்டக்களப்பிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். கல்லடிப் பாலம், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கரையோரமாகப் போகும். அம்பாறைக்கு நேரடி பஸ் கிடைக்காவிட்டால் கல்முனையில் மாறுங்கள். சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவில் பஸ் மேற்கே திரும்பும். திரும்பியதும் வலப்பக்க யன்னலோ இடப்பக்க யன்னலோ, கண் வைத்துப் பாருங்கள். சம்மாந்துறை தாண்டி மல்வத்தை வரை வயல்தான், இடையில் வாய்க்கால்கள். அந்த வாய்க்காலில் ஓடும் தண்ணீரை எதிர்த்து நாம் மேலே போகிறோம் என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு தடவையும் வரும். தண்ணீர் கடலை நோக்கி, நாங்கள் மலையை நோக்கி.

அம்பாறையில் இறங்கி, வாங்க மறந்ததை அங்கேயே வாங்கிவிடுங்கள். வங்கி இயந்திரத்தில் காசும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இங்கினியாகலை இருபது கிலோமீற்றர் அளவு. பஸ் இருக்கிறது. இரண்டு பேர் பைகளோடு என்றால் முச்சக்கரவண்டியும் கட்டுப்படியாகும், ஏற முன் விலை பேசுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு இந்த வீதியில் பையோடு நடக்கவே வேண்டாம். யானை வீதியைக் கடக்கும் நேரம் அது.

அன்று பின்னேரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அணைப் பக்கம் போய், காவலில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு, தண்ணீரை முதல் தடவையாகப் பாருங்கள். அப்புறம் அலுவலகத்தில் மறுநாள் படகை உறுதி செய்துவிட்டு நேரத்தோடு படுங்கள்.

படகு

ஆறு மணிக்குப் படகடியில் நிற்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்திருக்காமல் மாட்டிக் கொக்கியை இறுக்குங்கள். நீந்தத் தெரிந்தவருக்கும் அது வேண்டும், பட்ட மரங்களின் கட்டைகள் தண்ணீருக்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. பைகளைப் படகின் நடுவில் வைத்து, ஒருவர் இடப்பக்கம், மற்றவர் வலப்பக்கம் இருங்கள். இரண்டு பேரும் ஒரு பக்கம் எழும்பக்கூடாது.

கரையை விட்டதும் முதலில் தெரிவது நீர்க்காகங்கள். பட்ட மரத்தின் ஒவ்வொரு கொம்பிலும் ஒன்று, இறகை விரித்துக் காயவைத்தபடி. அப்புறம் கூழைக்கடா, மீன் கழுகு. மீன்பிடித் தோணிகள் வலையை இழுத்துக்கொண்டு திரும்பும். உள்ளே ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியா துள்ளும்.

யானை நீந்துவதைத் தூரத்திலிருந்து கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்கிறேன். கறுப்பாக ஒரு பாறை தெரியும். பாறை மெதுவாக நகரும். அதற்கு முன்னால் ஒரு குழாய் தண்ணீரை விட்டு மேலே எழும்பி நிற்கும், அது தும்பிக்கை. நாங்கள் முதல் தடவை பார்த்தபோது இயந்திரத்தை நிறுத்தச் சொன்னோம். நிறுத்தியதும் கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தும்பிக்கையால் இழுக்கும் மூச்சு, புஸ் என்று வெளியே விடும் மூச்சு, இடையில் தண்ணீர் உடம்பில் மோதும் சத்தம். தாய்க்கு ஒட்டி ஒரு குட்டி. அதன் தும்பிக்கை அடிக்கடி தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. என் கூட்டாளி மூச்சுவிட மறந்தவன் போல இருந்தான். அவை தீவில் ஏறி, நனைந்த முதுகு வெயிலில் மினுங்க, புல்லுக்குள் மறையும் வரை நாங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை.

இங்கே ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன், நீங்களும் இருங்கள். மூன்றாவது பயணத்தில் எங்கள் படகை ஓட்டியவர், நல்ல படம் எடுக்கலாம் என்று நீந்துகிற யானைக்கு முன்னால் படகைக் கொண்டுபோனார். யானை திரும்பி வந்த பக்கமே நீந்தத் தொடங்கியது. நீந்தும் யானைக்குக் களைப்பு இருக்கிறது, கூடவே குட்டி இருந்தால் அது உயிர் விஷயம். படகு எப்போதும் யானைக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ, தள்ளி நிற்க வேண்டும், போகும் வழியை மறிக்கக்கூடாது. ஏற முன்னரே "கிட்டப் போகத் தேவையில்லை, தூரத்தில் நின்றால் போதும்" என்று ஓட்டுனரிடம் சொல்லுங்கள். பயணிகள் கேட்காவிட்டால் அவர்களும் போகமாட்டார்கள்.

குளத்தில் இறங்கிக் குளிக்கும் ஆசை வரும். முதலை இருக்கிறது. கரையில் நின்று கால் கழுவுவதும் வேண்டாம். ஒன்பதரைக்குள் கரைக்குத் திரும்பிவிடுங்கள்.

முகாம் இரவு

மத்தியானம் ஜீப்பில் முகாமுக்குப் போகலாம். திணைக்களத்தின் வழிகாட்டி கூட வருவார். கூடாரம் எங்கே அடிப்பது என்று அவர் கை காட்டும் இடத்தில் அடியுங்கள். அதைவிட அழகான இடம் பத்து அடி தள்ளித் தெரியும், ஆனால் அது யானைப் பாதையாக இருக்கும். பெரிய மரத்தின் பட்ட கிளைக்குக் கீழும் வேண்டாம். கூடாரத்தின் சிப்பை எப்போதும் முழுதாக மூடுங்கள், இரவில் விரியன் பாம்புக்குக் கொஞ்ச இடைவெளி போதும். சப்பாத்தைக் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

நில்கலப் பக்கம் புல்வெளிக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் நிற்கின்றன. திரிபலா என்று நாட்டு வைத்தியர் கொடுக்கும் தூள் மூன்றும் ஒரே இடத்தில் மரமாக நிற்பதைக் கண்டால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கும். பறிக்க வேண்டாம், பூங்காவிலிருந்து ஒரு காயும் வெளியே வரக்கூடாது.

இரவில் வெளியே போக வேண்டுமென்றால் கூட்டாளியை எழுப்புங்கள். வெட்கம் வேண்டாம். ஒருவர் ரோச் அடிக்க, மற்றவர் போய்வரட்டும்.

உண்ணி

இந்தக் காட்டில் யானையைவிட உங்களுக்கு நிச்சயமாகக் கிடைக்கப்போவது உண்ணிதான். காய்ந்த புல்லில் நடந்தால் காற்சட்டை விளிம்பில் மிளகுத்தூள் தூவியது போல இருக்கும். குனிந்து பார்த்தால் தூள் நகரும். வெளிர் நிற உடுப்பு இதற்குத்தான், கறுப்புத் துணியில் அது கண்ணில் படாது. காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகுங்கள். பின்னேரம் ஒருவர் முதுகையும் காது மடலையும் மற்றவர் பார்க்க வேண்டும், தனியாகப் போனால் இதைச் செய்ய ஆள் இல்லை. கடித்திருந்தால் நுனி மெல்லிய சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக மெல்ல இழுங்கள். மண்ணெண்ணெய் பூசுவதும் நெருப்புக்குச்சி வைப்பதும் வேண்டாம். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஊர் வந்த பிறகு காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதையும் உண்ணி கடித்ததையும் வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அவசரத்துக்கு அம்பாறையில் பொது வைத்தியசாலை இருக்கிறது. 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கம் இருவரின் தொலைபேசியிலும் இருக்கட்டும், தாளிலும் எழுதி வையுங்கள்.

திரும்புதல்

மூன்றாம் நாள் காலைப் பிளேன்ரீ குடித்து முடிந்ததும் கூடாரத்தைப் பிரியுங்கள். பிஸ்கட் கடதாசி, டின், பொலித்தீன் எல்லாம் வந்த பைகளிலேயே திரும்பப் போக வேண்டும். யானைகள் பொலித்தீனைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிடும். முகாமிலிருந்து மத்தியானத்துக்கு முன் வெளிக்கிட்டால் அம்பாறையில் சோறு சாப்பிட்டு, பின்னேர பஸ்ஸில் இருட்டுவதற்குள் மட்டக்களப்பு வந்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் களைப்பில் பையை மூலையில் போட்டுவிடாதீர்கள். உடுப்பு முழுவதையும் வாசலுக்கு வெளியிலேயே கழற்றிக் கொதிதண்ணீரில் ஊற வையுங்கள். கூடாரத்தை மறுநாள் வெயிலில் விரித்து, உதறி, நன்றாகக் காய்ந்த பிறகு மடியுங்கள், ஈரத்தோடு மடித்தால் ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். முளைகளில் ஒட்டியிருக்கும் குளத்து மண் காய்ந்து கல்லாகியிருக்கும். அதைக் கத்தியால் சுரண்டாமல் ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போடுங்கள், தானாகக் கரைந்துவிடும்.